விடாமல் அழுத்தும் விரல்

எந்த வயரும் இணைக்காத பொத்தான் மேசைமேல் 'டிக்' என்றது.

சாதனா நிமிர்ந்து பார்த்தாள். மழை விட்ட அந்திவேளை. லேக் கார்டன்ஸ் சந்தில் தேங்கிய தண்ணீரின் வாடையும், தெருவே பௌதி, அதாவது அண்ணி, என்றழைக்கும் எதிர்வீட்டு வங்காளப் பெண் ஏற்றிய தூபத்தின் புகையும், சாலிடர் ஈயம் கருகிய நெடியும் ஒன்றாகச் சேர்ந்து அறைக்குள் அசையாமல் நின்றன. உள்ளறையில் அப்பா பத்மநாபனின் ஆக்ஸிஜன் மெஷின் உஸ்... டொக், உஸ்... டொக் என்று, தொழுவத்தில் படுத்த மாடு மூச்சுவிடுவதுபோலப் பொறுமையாக ஓடிக்கொண்டிருந்தது.

சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிகளுக்கு, கேட்பவர் விருப்பப்படி பவர் பொத்தான் செய்து கொடுப்பது அவள் தொழில். வாடிக்கையாளர் களிமண்ணில் கட்டைவிரலைப் பதித்து அனுப்புவார். அந்தக் குழிவை அளந்து, அந்த விரலுக்கு மட்டுமே பொருந்தும்படி பித்தளையில் பொத்தானின் தலையைக் கடைவாள். பிறகு களிமண்ணைப் பிசைந்து, அடுத்தவருக்கு அனுப்ப டப்பாவில் போட்டுவிடுவாள். பவானிபூர் விவேக் அனுப்பிய மண்ணையும் காலையில் பிசைந்து உருட்டி வைத்திருந்தாள். அவனுடைய பொத்தான்தான் இப்போது மேசைமேல் இருந்தது.

டிக்.

இம்முறை கண்ணெதிரே. பித்தளைத் தலை மெல்ல உள்ளே இறங்கியது, மேலே வரவில்லை. தொட்டால் இறங்கி, விட்டால் எழுகிற வகை அது. விடாமல் அழுத்திப் பிடித்தால், ஓடுகிற கம்ப்யூட்டர் அணைந்துவிடும். ஆனால் இந்தப் பொத்தான் எதனோடும் சேர்ந்திருக்கவில்லை.

மேசை விளக்கு அணைந்தது.

பல்பு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பொத்தான் எழுந்தது. மறுபடி இறங்கியது. தலைக்கு மேலே மின்விசிறி வேகம் குறைந்து, குறைந்து, நின்றது. ஜன்னலுக்கு வெளியே எல்லா வீடுகளிலும் வெளிச்சம் இருந்தது.

டப்பாவைத் திறந்தாள். வழவழப்பாக உருட்டி வைத்த மண்ணில் ஒரு கட்டைவிரல் குழி. ஓரத்தில் இன்னும் ஈரம்.

விவேக்கைப் போனில் கூப்பிட்டாள்.

"பொத்தான் ரெடியா, தீதி?" அக்கா என்பதை அவன் வங்காளத்தில்தான் சொல்வான்.

"விவேக், இது உங்க விரல்தானே?"

"இல்ல, அம்மாவோடது. போன மாசம் தவறிட்டாங்க. தினம் காலைல அவங்களே என் கம்ப்யூட்டரை ஆன் பண்ற மாதிரி இருக்கும்ல?"

"அவங்களா ஆசைப்பட்டுக் குடுத்தாங்களா?"

அவன் சிரித்தான். "எங்க தீதி! மூச்சுக்கே இழுத்துட்டிருக்கு, அதுலயும் கையைப் பிடுங்கிட்டே இருந்தாங்க. நான் விடுவேனா? பிடிச்சு வெச்சு அழுத்தினேன். அழுத்தி முடிக்கறதுக்குள்ள..."

"முடிக்கறதுக்குள்ள?"

"போயிட்டாங்க. சரி, பொத்தான் நல்லா வந்திருக்கா?"

உள்ளறையில் உஸ் என்றது. டொக் வரவில்லை.

ஒரு கணம். பிறகு வந்தது.

கையிருப்புச் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மாற்று நாளைக் காலையில்தான் வரும். அந்த மெஷின் நின்றால் அப்பா தாங்கமாட்டார்.

பிறரைப் பரிவோடு தொட்டால் அடங்காத துயரம் இல்லை என்று நம்பி வாழ்கிறவள் அவள். சுவாமி படத்தடியிலிருந்து ஒரு சிட்டிகை விபூதி எடுத்துப் பித்தளைக் குழிவில் இட்டாள்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. உங்களைக் கேக்காமலே கையைப் பிடிச்சுட்டாங்க. நான் கேட்டுட்டுத் தொடறேன். பிடிச்சுக்கட்டுமா?"

நோயாளியின் கையைத் தொடுவதுபோல, பாரமே இல்லாமல், தன் கட்டைவிரலை அதில் வைத்தாள்.

பொத்தான் எழுந்தது. விளக்கு எரிந்தது. மின்விசிறி சுழன்றது. எதிர்வீட்டில் பௌதி அந்திப் பூஜைக்குச் சங்கு ஊதினாள். சாதனாவுக்கு அழுகை வந்தது. "நாளைக்கே காளிகாட் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்மா. கங்கையில கரைச்சுடறேன்."

விரலை எடுத்தாள்.

பொத்தான் இறங்கியது.

உள்ளே மெஷின் நின்றது. அதன் அபாய மணி கீச்சிட்டது. அதற்கடியில் அப்பாவின் தொண்டை இழுக்கும் சத்தம்.

பாய்ந்து, பித்தளைத் தலையின் விளிம்புக்கு அடியில் ஆள்காட்டி விரல் நகத்தைச் செருகினாள். நெம்பினாள். வரவில்லை. இன்னும் நெம்பினாள். மயிரிழை மேலே வந்தது.

உஸ்... டொக்.

"சாதனா..." அப்பா இருமினார். "என்னம்மா அது?"

"கரண்ட்டுப்பா. வந்துடுச்சு."

"நல்லது. இந்த மனுஷனுக்கு இன்னிக்குக் காபி உண்டா, இல்ல காத்து மட்டும்தானா?"

"வரேம்பா."

அவளால் நகர முடியவில்லை. பொத்தானை வெளியே எறிய இன்னொரு கையால் தூக்கினாள். கனத்தது. அதன்மேல் யாரோ சாய்ந்து நிற்பதுபோலக் கனத்தது. நகம் வழுக்கிற்று. உஸ்... இல்லை. மறுபடி செருகினாள். டொக்.

"அம்மா," என்றாள் மெதுவாக. "எங்கப்பா உங்களுக்கு என்ன செஞ்சார்?"

குழிவில், விபூதியில் அவள் விரல் பதிந்த தடம் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அழிந்தது. அதன்மேல் வேறு ரேகைகள் விழுந்தன. நெருக்கமாக. குறுக்கே சுருக்கங்களோடு.

"சாதனா? காபி?"

அழுத்தம் கூடியது. பித்தளைக்கு அடியில் அவள் நகம், நுனியிலிருந்து அடிவரை, மெல்ல வெளுத்துக்கொண்டே போயிற்று.