இருசப்பனின் நடை

கரண்ட் போனதும் மின்விசிறி நின்றது, ஃப்ரிட்ஜ் அடங்கியது. ஹாலில் காலடிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

ரசத்துக்குப் பூண்டு தட்டிக்கொண்டிருந்த சங்கரி கையை நிறுத்தினாள். சர்க்... தொப். சர்க்... தொப். புதுப்பட்டினத்தில் அந்தி சாய்கிற நேரம், ஜன்னல் வழியே கருவாட்டு வாசனையும் உப்புக் காற்றும் வழக்கம்போல வந்துகொண்டிருக்க, அந்தச் சத்தம் மட்டும் ஈர மணலில் யாரோ நிதானமாக நடப்பதுபோலக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அது இருசப்பனின் நடை. எழுபதைத் தாண்டியும் தடுமாறாத மீனவர். முதியவர்களின் நடையை ஆராயும் கூடத்தில், அவருடைய மூட்டுகளில் மினுங்கும் உருண்டைகளை ஒட்டி, மணல் பரப்பி நடக்கவிட்டு, கேமராவிலும் மைக்கிலும் பதிந்தவள் சங்கரிதான். குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்ட அவள் அம்மா ஞானம்பாள், எந்தப் பயிற்சிக்கும் எழுந்திருக்காமல் கிடந்தவள், ஸ்பீக்கரில் அந்தக் காலடித் தாளத்தைக் கேட்டுத்தான் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றாள். அன்று சங்கரிக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் இருசப்பனின் படகு கவிழ்ந்தது. உடல் கரை ஒதுங்கவில்லை. அவர் மனைவி மாரியம்மா ஆய்வுக்கூடத்துக்கே வந்தாள்.

"கடலோட போனவங்க தடத்த எங்க வூட்ல வுட்டு வைக்கமாட்டோம்மா. தேடிகினு வந்துடுவாங்க. வாசல்லேந்து கடக்கர வரிக்கும் கலைச்சிட்டோம். உங்கிட்ட ஒண்ணு கீதே, அதயும் அழிச்சிடு."

"அழிச்சிட்டேன்மா," என்று கூசாமல் சொன்னாள் சங்கரி. அம்மா அப்போதுதான் நாலடி வைக்க ஆரம்பித்திருந்தாள். செத்தவருக்கு நடை எதற்கு?

இப்போது ஹாலுக்கு வந்து, லேப்டாப்பில் செருகியிருந்த ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள். சத்தம் நிற்கவில்லை. அது ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. அம்மாவின் அறையிலிருந்து வந்தது. கூடவே பாசி நாற்றமும் வந்தது.

கதவைத் தள்ளினாள்.

வாக்கர் கட்டிலோரம் நின்றது. அம்மா நடந்துகொண்டிருந்தாள். எதையும் பிடிக்காமல்.

"அம்மா! நடக்கிறியே!"

சந்தோஷத்தில் கை நீட்டிக்கொண்டு ஓடினாள். பிறகுதான் பாதங்களைப் பார்த்தாள். விரல்கள் மடங்கி, இல்லாத மணலைப் பற்றின. பிறகு குதிகால் இறங்கியது. சர்க். தொப். இடுப்புக்கு மேலே அம்மா தள்ளாடினாள். கைகள் சுவரைப் பிறாண்டின.

"சங்கரி, நிறுத்துடீ," என்றாள் அம்மா. "நான் நடக்கலை."

லேப்டாப்புக்கு ஓடினாள். பதிவை அழித்தாள். அழிந்தது.

சர்க். தொப்.

ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கால்கள் அவளையும் சேர்த்து இழுத்தன. ஹால். வாசல். அம்மா நிலையைப் பிடித்தாள். நகம் பெயர்ந்தது. பிடி விட்டது. சங்கரி படியில் விழுந்தாள்.

தெருக்கோடியில் கடல் இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா திரும்பி அவளையே பார்த்துக் கூப்பிட்டபடி போனாள். முகம் மகளைப் பார்த்திருந்தது. கால்கள் கடலைப் பார்த்து, நிதானமாக, தடுமாறாமல், நடந்தன.