மிக்சரின் வாக்குமூலம்

நிலவின் மூன்றாம் கூண்டூரில் விடிந்ததைக் காட்டும் விளக்கு எரிந்ததும் முதல் வேலை, ஈரத் துண்டோடு நாயைத் துரத்துவது. நாயைத் துடைக்க அல்ல, அதன் கழுத்துப்பட்டையின் வாயை அடைக்க.

நாய் வளர்ப்பவர்கள், அங்கிருக்கும் ஒரே காப்பீட்டு நிறுவனத்திடம் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்பது கூண்டூர்ச் சட்டம். காப்பீடு எடுத்தால் ஒரு பட்டை மாட்டிவிடுவார்கள். அது இரவெல்லாம் நாயின் மூச்சையும் நாடியையும் கவனித்துவிட்டு, விடிந்ததும் அன்றைய தவணையை அறிவிக்கும். நாய் முந்தைய நாள் துள்ளி விளையாடியிருந்தால், எலும்பு முறியலாம் என்று தவணை ஏறும். சுருண்டு படுத்திருந்தால், நோய் வரப்போகிறது என்று ஏறும். இறங்கி யாரும் பார்த்ததில்லை. தவணையைச் சொல்லி முடித்ததும், ராவோடு ராவாக மாற்றிய நிபந்தனைகளை ஏலக்காரன் வேகத்தில் ஒப்பிக்கத் தொடங்கும். காது கேட்கும் தூரத்தில் ஆள் இருந்தாலே சம்மதித்ததாகக் கணக்கு. முழுவதையும் கேட்டு முடிப்பதற்குள் வேலைக்குப் போகும் நேரம் தாண்டிவிடும். அதனால்தான் ஈரத் துண்டு.

அன்று காலை பிலோமினா துரத்த வேண்டியிருக்கவில்லை. அவள் நாய் மிக்சர், படுத்த இடத்திலேயே கிடந்தது. பட்டையைச் சுற்றித் துண்டை இறுக்கிவிட்டு அவள் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள். துண்டுக்குள்ளிருந்து ஏதோ முனகிக்கொண்டே இருந்தது.

பிலோமினாவுக்குக் காற்று வடிகட்டிகளைக் கழுவும் வேலை. கணவன் சவரிமுத்துவுக்குப் பனிச்சுரங்கத்தில். இருவருடைய முன்னோரும் தூத்துக்குடியிலிருந்து வந்தவர்கள். பேச்சு மட்டும் இன்னும் அந்த ஊரிலேயே இருந்தது. பிள்ளை இல்லாத வீட்டில் மிக்சர்தான் எல்லாம். மஞ்சள், பழுப்பு, கறுப்பு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்ட நிறத்தில் இருந்ததால் சவரி வைத்த பெயர் அது.

நிலவில் எடை குறைவு, எலும்புக்கு வேலை குறைவு. இங்கே பிறக்கும் நாய்களுக்கு இடுப்பெலும்பு கரைவது சகஜம். மிக்சரின் இடது பின்னங்காலில் அதுதான் ஆரம்பித்திருந்தது. புது மூட்டு வைத்தால் நடக்கும். வைக்காவிட்டால் சீக்கிரமே நிற்கக்கூட முடியாது. நிற்க முடியாத பிராணிக்குக் கூண்டூரில் காற்றுப் பங்கு கிடையாது. வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கு ‘நிம்மதி ஏற்பாடு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே பிலோமினாவுக்குக் குமட்டும்.

மூட்டு வைக்கிற ஆஸ்பத்திரியும் நிறுவனத்துடையதுதான். சென்ற ஆண்டு நிறுவனம், நிலவில் வசிப்பதால் வரும் நோய்களுக்குத் தான் பொறுப்பில்லை என்று ஒரு நிபந்தனை போட்டது. பூமியில் வசிக்கும் நாய் எதுவும் இங்கே காப்பீடு எடுத்திருக்கவில்லை. ஊரே திரண்டு சண்டை போட்ட பிறகு நிறுவனம் இறங்கி வந்தது. நாய் தன் வாயால் வலிக்கிறது என்று சொன்னால் மூட்டுச் செலவைத் தருகிறோம், ஒருவருடைய வலியை இன்னொருவர் சொல்ல முடியாது, பாதிக்கப்பட்டவர் சொல்லே இறுதி என்றது. இதற்காகவே நாய்களின் காதுக்குப் பின்னால் வலிமொழிச் சில்லு பதித்தார்கள். மூளையில் ஓடுவதை அது பேச்சாக்கும். அதைத் திறக்கும் சாவி மட்டும் நிறுவனத்திடம் இருந்தது. வாயில்லா ஜீவனுக்கு வாய் கிடைத்துவிட்டது என்று ஊர் கை தட்டியது. பிலோமினாவும் தட்டினாள்.

மிக்சருக்காக மனுப் போட்டதும் முதல் விசாரணைக்கு வந்தது ஒரு பொறியாள், பெண் உருவத்தில் செய்த இயந்திரம். சட்டையில் ‘சுகந்தி’ என்று எழுதியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம், பிய்ந்து ஊக்கு குத்திய செருப்பு வார். இயந்திரத்துக்கு எதற்குக் கருவளையம் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. அது மண்டியிட்டு, மிக்சரின் காதைச் சொறிந்து, ஒரு பிஸ்கட்டை நீட்டி, “வலிக்குதா கண்ணா?” என்றது.

சில்லு பேசியது: “நல்லாருக்கு. இன்னும் சொறி. நீ நல்லவ.”

மனு தள்ளுபடி. நாய்க்கு அன்பாகக் கேட்பவரிடம் குறை சொல்லத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டேதான் பிஸ்கட்டோடு வருகிறார்கள். பிலோமினாவுக்கு அந்த வெட்கங்கெட்ட தந்திரத்தின் மீது காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

இரண்டாவதும் கடைசியுமான விசாரணை அன்றைக்குத்தான். சவரி விடுப்புப் போட்டிருந்தான். பிலோமினா முட்டைப்பொடிச் சோற்றைப் பிசைந்து, மிக்சரின் வயிறு புடைக்கும் வரை ஊட்டினாள். காது சொறிகிற ஆசையும் மிஞ்சக் கூடாது என்று சவரி விடிந்ததிலிருந்து சொறிந்துகொண்டிருந்தான்.

“போதுமாங்க? கை வலிக்கலையா?”

“வலிக்கத்தான் செய்யுது. இருக்கட்டும். வயிறு நெறஞ்சவன்தாம்ட்டி உண்மை பேசுவான்.”

சுகந்தி வந்தது. அதே கருவளையம், அதே செருப்பு. பழக்கதோஷத்தில் பிலோமினா, “தண்ணி குடிக்கியாம்மா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சில்லைத் திறந்து, பிஸ்கட்டை நீட்டியது சுகந்தி. மிக்சர் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பிஸ்கட் தரையில் விழுந்தது.

“வலிக்குதா கண்ணா?”

மிக்சர் பிலோமினாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. பிறகு சில்லு மெல்லப் பேசியது. “வலிக்குது. பின்னாடி. படுத்தா ரொம்ப. தூக்கம் வரல.” சற்று நின்று, “பிலோகிட்ட சொல்லாத. அவ அழுவா” என்றது.

பிலோமினா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். சவரி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான்.

சுகந்தியின் கண்ணும் கலங்கியது. அதற்கும் ஏற்பாடு இருந்தது. “பதிவு பண்ணிட்டேன் அக்கா. மனு ஏத்துக்கிட்டாச்சு. நாளைக்கே மூட்டு வச்சிடலாம்” என்று சொல்லிச் சில்லை மூடியது.

பிலோமினா அதன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “நீ நல்லா இருப்பம்மா.”

“ஒரே ஒரு விஷயம் அக்கா.” சுகந்தியின் உள்ளங்கையில் ஐந்து நட்சத்திரங்கள் ஒளிர்ந்தன. “என் சேவை எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் தட்டி விட்டுருங்க. கம்மியா விழுந்தா எனக்குத்தான் பிரச்னை.”

காற்றுக் குப்பி கொண்டுவருபவன், குழாய் அடைப்பு எடுப்பவன், சோற்றுப் பொட்டலம் தருபவன் என்று யார் கை நீட்டினாலும் பிலோமினா ஐந்தைத்தான் அழுத்துவாள். சோறு ஆறிப்போயிருந்தாலும் ஐந்துதான். யாருடைய பிழைப்பிலும் மண் விழக் கூடாது. இப்போதும் யோசிக்காமல் அழுத்தினாள்.

நட்சத்திரங்கள் பச்சையாக மாறின.

“ரொம்ப நன்றி அக்கா. உங்க மனக்குறை முழுசா தீர்ந்துட்டதா பதிவாயிருக்கு. தீர்ந்த குறைக்கு இழப்பீடு கிடையாது. மனு முடிஞ்சிடுச்சு.”

சவரி திரும்பினான். “என்னது?”

“முழுத் திருப்தின்னா மனு முடிவு. புது நிபந்தனை. காலையில பட்டை சொல்லிச்சே.”

மிக்சரின் கழுத்தில் ஈரத் துண்டு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“அதெல்லாம் சும்மா அமுக்குனது” என்றாள் பிலோமினா. “மனசாரப் போடலம்மா.”

“பாதிக்கப்பட்டவங்க சொல்லே இறுதி அக்கா. உங்க மனசு உங்களை விட எங்களுக்கா தெரியும்? மத்த மூணு காலுக்கும் காப்பீடு அப்படியே தொடரும். தவணை மட்டும் கொஞ்சம் ஏறும்.”

சுகந்தி குனிந்து, தரையில் கிடந்த பிஸ்கட்டை எடுத்து, ஊதித் தூசி தட்டி, பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பியது. கதவருகே போனதும் பிய்ந்த செருப்பை இழுத்து இழுத்து நடந்தது.

சவரி போய்க் கதவைச் சாத்தினான். பிறகு கேட்டான்: “எதுக்குட்டி அஞ்சையும் அமுக்குன?”

“கம்மியாப் போட்டா அதுக்கு வேலை போயிருமேன்னு…”

“அது மெஷின்ட்டி.”

அது அவளுக்கும் தெரியும். எப்போதுமே தெரியும். பிலோமினா தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். நிறுவனத்தின் மீது இத்தனை நாளாக வந்த குமட்டலெல்லாம் இப்போது அந்த ஒரு விரலைப் பார்த்து வந்தது. புடவையில் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. மிக்சர் காலை இழுத்துக்கொண்டு நகர்ந்து வந்து அந்த விரலையே நக்கியது.

முதல் விசாரணையில் மிக்சர் பொய் சொன்னதற்கு ஒரு பிஸ்கட்டாவது கிடைத்தது. அவள் அழுத்திய பொய்க்கு அதுவும் இல்லை.