ஆடுகிற ஸ்டாண்டும் வாண்டுவின் வைத்தியமும்

தடால்!

வாசலில் கேட்ட சத்தத்தில் அப்பா கட்டிலிலேயே தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்தார். அவருடைய காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் அக்கா மட்டும் அசையவில்லை.

"என் வண்டியாத்தான் இருக்கும்" என்றார் அலுப்போடு. "வாண்டு, கொஞ்சம் எட்டிப் பாரேன்."

வாண்டு ஜன்னலில் ஏறி எட்டிப் பார்த்தாள். நர்ஸ் அக்காவின் மோட்டார் சைக்கிள் தெருவில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது. பக்கத்தில் கண்ணாடி சுக்குநூறாகக் கிடந்தது.

"வண்டி தூங்குதுக்கா. கண்ணாடி போச்சு" என்றாள்.

ஐந்தாம் வகுப்பில் அவள்தான் எல்லாரையும்விடக் குள்ளம். அதனால்தான் வாண்டு என்று பெயர். வாய் மட்டும் வகுப்பிலேயே பெரியது என்று அம்மா சொல்வாள்.

அப்பா வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். நாற்பது நாளைக்கு முன்னால் ஏணியிலிருந்து விழுந்து, காலில் பெரிய காயம். தினமும் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவோ விடிந்ததும் தையல் ஆலைக்குக் கிளம்பிவிடுவாள். அதனால் நர்ஸ் அக்கா வீட்டுக்கே வந்தார், ஒருநாள்கூடத் தவறாமல். ஒருமுறை கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்து வந்து நின்றார்.

"இந்த மழையில எதுக்கு சிஸ்டர்?" என்று அப்பா பதறினார்.

"எனக்கு லீவு விடலாம். புண்ணுக்கு லீவு விட முடியுமா?" என்று சிரித்துக்கொண்டே தலையைத் துவட்டினார் நர்ஸ் அக்கா.

இன்று அப்படிப்பட்ட நர்ஸ் அக்காவின் முகம் வாடியிருந்தது.

"சைடு ஸ்டாண்ட் லூசாயிடுச்சு. மெக்கானிக்கிட்ட விட்டா ஒருநாள் முழுக்க வண்டி இருக்காது. தினமும் பத்து வீட்டுக்குப் போகணுமே!"

"பெரிய ஸ்டாண்ட் போடலாம்ல?" என்றாள் வாண்டு.

"சென்டர் ஸ்டாண்டா? பத்து வீட்லயும் அதைத் தூக்கி நிறுத்தினா, என் இடுப்புக்கு இன்னொரு நர்ஸ் வேணும்!"

அவர் போன பிறகு அப்பா வெகுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நமக்காக இவ்வளவு செய்யறாங்க. நாம அவங்களுக்கு ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடலையேம்மா" என்றார்.

வாண்டு யோசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பள்ளி விடுமுறை. நர்ஸ் அக்கா வண்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். கட்டுப் போட்டு முடிக்க இருபது நிமிடம் ஆகும். வாண்டு அப்பாவின் சாமான் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பூனை மாதிரி வாசலுக்கு வந்தாள். ஏணியின் திருகுகளை இறுக்க அப்பா வைத்திருந்த ஸ்பேனர் அது. வாயைப் பெரிதாகவும் சிறிதாகவும் மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்டாண்டைக் கீழே இழுத்து ஆட்டினாள். விழப்போகிற பால்பல் மாதிரி ஆடியது. அதன் தலைப்பக்கத்தில் ஒரு போல்ட் இருந்தது. விரலால் திருகினாலே அது சுற்றியது.

"ஓகோ, நீதான் திருடனா?"

ஸ்பேனரை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். விரல் முட்டியில் தோல் உரிந்தது. இன்னும் முறுக்கினாள். இப்போது ஸ்டாண்ட் இம்மிகூட ஆடவில்லை.

'அக்கா கிளம்பும்போது பார்த்து அசந்துபோவாங்க' என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் நர்ஸ் அக்காவுக்கு அன்று அவசரம். வெளியே வந்தார், மருந்துப்பெட்டியை மாட்டினார், வண்டியில் உட்கார்ந்து வழக்கம்போல ஸ்டாண்டைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

வாண்டு பார்த்தாள். ஸ்டாண்ட் மேலே போய் ஒட்டிக்கொள்ளவில்லை. பாதியிலேயே இறுகி, சாய்வாக நீட்டிக்கொண்டு நின்றது.

வண்டி இடதுபக்கம் சாய்ந்து திரும்பினால் ஸ்டாண்ட் தரையில் இடிக்கும். இடித்தால் வண்டி அக்காவைத் தூக்கி எறிந்துவிடும்!

"அக்கா! ஸ்டாண்ட்! அக்கா!"

நர்ஸ் அக்கா திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி டாட்டா காட்டினார்.

நல்லவேளை, தெருமுனையில் வலதுபக்கம் திரும்பினார். அடுத்தது, கடிகாரம் பழுதுபார்க்கும் கடிகாரக்காரர் வீடு என்பது வாண்டுவுக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டி அருகே இடதுபக்கம் திரும்பித்தான் அங்கே போக வேண்டும்.

வாண்டு இரண்டு வீடுகளுக்கு நடுவே இருந்த சந்தில் புகுந்து ஓடினாள். ஒற்றைச் செருப்பு எங்கேயோ கழன்று விழுந்தது. நிற்கவில்லை. தொட்டி ஓரத்தில் போய் நின்று, இரண்டு கைகளையும் தலைக்குமேல் வீசினாள். எதிரே வண்டி வந்தது.

"திரும்பாதீங்க! நிறுத்துங்க!"

கிரீச்! வண்டி நின்றது.

"என்னாச்சு? அப்பாவுக்கு ஏதாவது…?"

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. கீழே பாருங்க, ஸ்டாண்ட்!"

நர்ஸ் அக்கா குனிந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. "ஐயோ, எப்படி இது இப்படி நிக்குது?"

வாண்டுவுக்கு மூச்சு வாங்கியது. சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் சொன்னாள்.

"நான்தான் அக்கா. ஆடக்கூடாதுன்னு இறுக்கினேன். ரொம்ப இறுகிப்போச்சு. உங்ககிட்ட கேக்காம செஞ்சுட்டேன்." கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

நர்ஸ் அக்கா வண்டியிலிருந்து இறங்கி அவள் தோளில் கை வைத்தார். "கேட்டிருக்கணும், சரிதான். ஆனா ஓடி வந்து நிறுத்தினியே, அது போதும். சரி, இப்ப என்ன பண்ணலாம், நீயே சொல்லு."

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். வாண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நல்லகாலம், ஸ்பேனர் இன்னும் கையிலேயே இருந்தது! போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தியதும் ஸ்டாண்ட் சுலபமாக மடங்கியது.

"இப்படியே விட்டா மறுபடி கழண்டுடும்" என்று முணுமுணுத்தபடி பின்பக்கம் தலையை நுழைத்தாள். "அக்கா, இங்க ஒரு நட்டு இருக்கு! இதை இறுக்கினா போல்ட் கழலாது. ஆனா இதைத் திருகினா போல்ட்டும் கூடவே சுத்துது."

"அப்போ முன்னால ஒருத்தர் பிடிச்சுக்கணும், பின்னால ஒருத்தர் இறுக்கணும்."

"இன்னொரு ஸ்பேனர் வேணுமே!"

நர்ஸ் அக்கா சீட்டைத் தூக்கிப் பார்த்தார். தூசி படிந்த ஒரு சின்னப் பை இருந்தது. பிரித்தால் உள்ளே பளபளவென்று ஸ்பேனர்கள்.

"ஊருக்கெல்லாம் மருந்துப்பெட்டி தூக்கறேன். என் வண்டிக்கே ஒரு மருந்துப்பெட்டி இருக்கறது இத்தனை நாளா தெரியலையே!"

நர்ஸ் அக்கா போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டார். வாண்டு நட்டை இறுக்கினாள். ஸ்டாண்டைக் கீழே இழுத்தார்கள், கச்சிதமாக நின்றது. காலால் தட்டினார்கள், டக்கென்று மேலே போய் ஒட்டிக்கொண்டது. பத்து தடவை சோதித்த பிறகுதான் நர்ஸ் அக்கா வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்தார். தள்ளிப் பார்த்தார். அசைந்தால்தானே!

"ரொம்ப நன்றிம்மா."

"நாங்கதான் அக்கா சொல்லணும்" என்றாள் வாண்டு. "நேத்து சாயங்காலம் அப்பா சுவரைப் பிடிச்சுக்கிட்டு நாலு அடி நடந்தாரு. உங்ககிட்ட அடுத்த வாரம் நடந்தே காட்டணும்னு ரகசியமா வச்சிருக்காரு. நான் சொன்னதா சொல்லிடாதீங்க!"

நர்ஸ் அக்கா சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாண்டுவின் விரலை இழுத்து, உரிந்த இடத்தில் மருந்து தடவி, குட்டியாக ஒரு கட்டுப் போட்டார்.

வண்டி பத்திரமாக இடதுபக்கம் திரும்பி, இரண்டாவது வீட்டு வாசலில் நின்றது. வாண்டுவும் ஒற்றைச் செருப்போடு பின்னாலேயே போனாள். கடிகாரக்காரர் ஊன்றுகோலோடு வாசலிலேயே காத்திருந்தார்.

"என்னம்மா, பதினேழு நிமிஷம் லேட்டு?"

"வண்டிக்கு உடம்பு சரியில்ல, ஐயா. டாக்டர் வந்து பார்த்தாங்க."

"வண்டிக்கு டாக்டரா? எங்கே?" என்று அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தெருவின் இரண்டு பக்கமும் தேடினார்.

அவருடைய மூக்குக்குக் கீழே, கட்டுப் போட்ட விரலும் கறுப்பு மசகுமாக ஒரு சின்னக் கை உயர்ந்தது.