கார்சைட் கேட்காத கேள்வி

"அப்பா செத்துக்கிட்டிருக்காரு, மேடம். போலீஸ் தப்பான ஆளைப் பிடிச்சு வச்சிருக்கு."

நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள் ஹிலரி. அவள் அப்பா வில்ஃப்ரட் கார்சைட், யார்க்‌ஷயர் நெசவு நகரம் ஒன்றின் நெடுநாள் எம்.பி. தன் ஊர் ஆற்றில் விஷக் கழிவை விடும் சாய ஆலைக்குப் பின்னால் இருப்பவர்கள் யார் யார் என்று, பெயர்களோடு அன்று அவையில் கேட்கவிருந்தார். அதற்குள் நாடாளுமன்றத்தில் தன் அறையிலேயே, தேநீர்க் கோப்பையோடு சரிந்துவிட்டார்.

"என்ன விஷம்னு தெரிஞ்சாதான் மாற்று மருந்து கொடுக்க முடியுமாம். சோதனை முடிவு வர்ற வரைக்கும் தாங்க மாட்டாராம்."

துப்பறிவாளர் ஆக்னஸ் ட்ரெம்லெட் நிதானமாகக் கேட்டார். "டீ எப்ப வந்துச்சு?"

"அவைல பிரார்த்தனை ஆரம்பிச்சப்ப. அப்பா தவறாம போவாரு. எல்லாரும் சுவர்ப் பக்கம் திரும்பித்தானே நிப்பாங்க? 'எதிர்க்கட்சிக்காரன் மூஞ்சியப் பாக்காம சாமி கும்பிடலாம்'னு சிரிப்பாரு. இன்னைக்குக் கேள்வியைத் திருத்திக்கிட்டு அறையிலேயே இருந்துட்டாரு."

அன்று அவர் அறைக்கு வந்தவர்கள் இருவர். ஒருத்தி செயலாளர் மிஸ் மார்ஷ். போலீஸ் பிடித்தது அவளைத்தான். மற்றவர் எதிர்க்கட்சி எம்.பி. ஜூலியன் கேத்கார்ட், இடைத்தேர்தலில் ஜெயித்துப் புதிதாக வந்தவர். தேநீர் வருமுன்பே பிரார்த்தனைக்குப் போய்விட்டதாகச் சொல்லியிருந்தார்.

"அந்த நேரம் கதவைச் சாத்திடுவாங்க. பார்வையாளர் கிடையாது, டிவி கிடையாது. யார்கிட்ட விசாரிக்கிறது?" என்று பரபரத்தான் ஆக்னஸின் உதவியாளன் ரூபர்ட்.

"கேத்கார்ட்கிட்டயேதான்."

நாடாளுமன்றத்தில், தேம்ஸ் நதியைப் பார்த்த தன் அறையில் கேத்கார்ட் சிகரெட் பற்றவைத்தார். "பாவம் வில்ஃப்ரட். எங்களைக் கிழிகிழின்னு கிழிப்பாரு, ஆனா நல்ல மனுஷன்."

"பிரார்த்தனைல இருந்தீங்களா?"

"முழுசா. எனக்கு நேர் எதிர்லதான் அவரோட இடம். பாதிரியார் படிச்சு முடிக்கிற வரைக்கும் அந்தக் காலி இடத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். மனசு என்னவோ பண்ணிச்சு."

ரூபர்ட் துள்ளி எழுந்தான். ஆக்னஸ் கையமர்த்தினார்.

"அங்க எதிர் வரிசையை யாரும் பாக்க மாட்டாங்க, மிஸ்டர் கேத்கார்ட். முதுகைக் காட்டிக்கிட்டுச் சுவரைப் பாத்துதான் ஜெபம். ஒரு நாள் போயிருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மூடின கதவுக்கு வெளிய நின்ன ஆள்தான் இப்படி ஒரு பொய்யைச் சொல்ல முடியும். மிஸ் மார்ஷுக்கு இதுல ஒரு லாபமும் இல்ல. அந்த ஆலைல உங்களுக்குப் பங்கு இருக்கு, இல்லையா?"

கேத்கார்ட் பாதி சிகரெட்டை நசுக்கி அணைத்தார்.

"அவர் மூச்சு இருக்கிற வரைக்கும் இது கொலை முயற்சி. நின்னுட்டா கொலை. என்ன கலந்தீங்க?"

எம்.பி.க்களை ஓட்டுப் போட அழைக்கும் வாக்கெடுப்பு மணி கட்டடம் முழுவதும் அலறத் தொடங்கியது. கேத்கார்ட் எழுந்தார். ரூபர்ட் கதவை மறித்து நின்றான்.

"இதய மாத்திரை," என்றார் கடைசியில். "என்னோடதுதான். பொடி பண்ணிப் போட்டேன்." பெயரையும் சொன்னார்.

ரூபர்ட் தொலைபேசிக்கு ஓடினான்.

மருத்துவமனையில் கார்சைட் கண் திறந்தபோது ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மகளின் கையைப் பற்றினார்.

"கேள்வி?"

"கேக்கலப்பா. ஆனா கேத்கார்டைப் பிடிச்சாச்சு."

கிழவர் தலையணையில் தலையை மெதுவாக அசைத்தார். "நாளைக்கு என்னை அவைக்குக் கூட்டிட்டுப் போ. நான் எழுதி வச்சிருந்த பேருங்கள்ல கேத்கார்ட் பேரே இல்ல. இப்பதான் சேக்கணும்."