ஓபல் போட்ட கோடு

காலை ஏழு மணிச் செய்தியில் நாரைகள் ஜெயித்துவிட்டதாகச் சொன்னார்கள். வாயில் பல் துலக்கும் பிரஷோடு நான் குதித்த குதியில், கீழே கடையில் இருந்த அப்பா, "மாடி இடிஞ்சு விழப் போகுது!" என்று கத்தினார்.

நாரைகள் என்றால் எங்கள் ஊர் பெல்ஃபோர்க் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணி. பருவ முடிவில் பத்துக் கல்லூரிகள் மோதும் கோப்பைப் போட்டிக்கு, பருவ வரிசையில் எட்டாவது அணியாகப் போயிருந்தார்கள். ஒரு ஆட்டம் தோற்றாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். முந்தின நாள் ராத்திரி முதல் ஆட்டத்தை ஜெயித்துவிட்டார்கள்.

நான் மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு படிகளில் தடதடவென்று இறங்கினேன்.

எங்கள் வீடு மாடியில். கீழே அப்பாவின் சலவைக் கடை. மெஷினில் துணி துவைத்து முடியும் வரை வருகிறவர்களுக்கு வேறு வேலை கிடையாது. அதனால் மூன்று வருடமாகக் கடைச் சுவரில் பெரிய பழுப்புத் தாளை ஒட்டி, அதில் ஆட்ட அட்டவணையை நான்தான் வரைகிறேன். எந்த அணி எந்த அணியோடு மோதும், ஜெயித்தால் அடுத்து யார், எத்தனை மணிக்கு என்று எல்லாம் கோடு போட்டுக் காட்டுவேன். ஊரே அதைப் பார்த்துத்தான் பேசும்.

முதல் ஆறு அணிகளுக்கு முதல் சுற்றில் ஓய்வு. ஏழாவது அணி பத்தாவதோடும், எட்டாவது ஒன்பதாவதோடும் மோதும். எட்டு - ஒன்பது ஆட்டத்தில் ஜெயிப்பவரிடமிருந்து நான் போட்ட கோடு நேராக முதலிடத்து அணிக்குப் போனது. இன்று மாலை ஏழு மணி ஆட்டம். அங்கே 'நாரைகள்' என்று பெரிதாக எழுதினேன்.

பக்கத்திலேயே பஸ்ஸில் வருகிறவர்களின் பட்டியல் தொங்கியது. இருபத்திரண்டு பேர். பெயர், ஃபோன் நம்பர், மேலே என் கையெழுத்தில்: 'பஸ் நாலு மணிக்குக் கிளம்பும்.' அரங்கம் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தது.

அடுத்து இன்னொரு ஆட்டத்தின் முடிவை எழுத வேண்டும். பத்தாவது அணி ஏழாவதைத் தோற்கடித்துவிட்டதாம்! யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கல்லூரியின் முழுப் பெயரைப் பார்க்கக் கல்லூரி அலுவலகம் அனுப்பியிருந்த தாளை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தேன்.

இரண்டு தாள்கள், பின் குத்திச் சேர்த்திருந்தார்கள். இரண்டாவது தாளை நான் புரட்டியதே இல்லை. அன்றுதான் புரட்டினேன்.

'இந்த ஆண்டு முதல், ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் மீதியுள்ள அணிகள் மீண்டும் வரிசைப்படுத்தப்படும். மீதியுள்ளவற்றில் கடைசி அணி முதலிடத்து அணியோடு மோதும்.'

மூன்று தடவை படித்தேன். மீதியுள்ளவற்றில் கடைசி அணி நாங்கள் இல்லை. பத்தாவது அணிதான். அப்படியானால் அவர்கள்தான் முதலிடத்து அணியோடு, ஏழு மணிக்கு. நாரைகள் இரண்டாம் இடத்து அணியோடு.

அந்த ஆட்டம் பகல் பன்னிரண்டு மணிக்கு.

என் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஏழாவது அணி ஜெயித்திருந்தால் என் கோடும் சரியாகவே இருந்திருக்கும். என் தப்பு யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் அதைவிட மோசமான ஒன்று இருந்தது. எனக்கு ஒருவன் இதை முன்னாடியே சொல்லியிருந்தான்.

என் வகுப்பில் படிக்கும் ருபென் சோட்டோ. அவன் அக்கா இனெஸ் நாரைகள் அணியில் ஆடுகிறாள். அவன் அம்மா எங்கள் கடையில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது ருபென் மெதுவாகச் சொன்னான்: "ஓபல், இந்த வருஷம் கோடு கிடையாதாம். ஒவ்வொரு சுத்துக்கும் மறுபடி வரிசை மாத்துவாங்களாம். அக்கா சொன்னா."

கடை நிறைய ஆட்கள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டேன்: "கோடு இல்லாம அட்டவணையா? நீ சக்கரம் இல்லாமயே சைக்கிள் ஓட்டுவியாடா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தார்கள் என்பதால் நான் இன்னொரு முறையும் சொன்னேன். ருபென் துவைத்த துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

இப்போது மணி ஏழு இருபது. எனக்கு அழக்கூட நேரம் இல்லை.

முதலில் பஸ் ஓட்டும் மிஸ்டர் டூகனுக்கு ஃபோன் செய்தேன்.

"மிஸ்டர் டூகன், ஆட்டம் பன்னெண்டு மணிக்கு. நேரத்தை... நேரத்தை மாத்திட்டாங்க."

"என்னது, மாத்திட்டாங்களா? ராத்திரியோட ராத்திரியாவா? யார் அந்த அறிவாளி? இப்பவே அந்த ஆபீசுக்கு ஃபோன் போட்டு நாலு வார்த்தை நாக்கைப் புடுங்கற மாதிரி கேக்கறேன்!"

"வேணாம்!" என்று கத்திவிட்டேன். "அவங்க மாத்தல. நான்தான் தப்பா எழுதிட்டேன். ரெண்டாவது பக்கத்தை நான் படிக்கவே இல்ல. இப்ப உங்ககிட்ட பொய் வேற சொல்லிட்டேன்."

"அப்ப அந்தப் பையன் சொன்னது சரிதானா?" என்றார். "நானும்ல சிரிச்சேன் அன்னைக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒம்பதே காலுக்கு பஸ் வாசல்ல நிக்கும். மத்தவங்களுக்கு நீயே சொல்லிடு."

சொன்னேன். ஒவ்வொரு நம்பராக. "நான் ஓபல் பேசறேன். அட்டவணையில தப்பு பண்ணிட்டேன். ஆட்டம் பன்னெண்டு மணிக்கு. பஸ் ஒம்பதே காலுக்கு. மன்னிச்சிடுங்க."

ஒருவர் திட்டினார். ஒருவர், "நான் இன்னும் தூங்கிட்டே இருக்கேன்மா, இது கனவுதானே?" என்றார். முடிதிருத்தும் மிஸ்டர் ஹேப்ஸ், "போன வாரம் எனக்கே பாடம் எடுத்தியே, டீச்சரம்மா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். திட்டினவரே தேவலாம் என்று இருந்தது. ஆறு பேரால் பகலில் வர முடியாதாம். அந்த ஆறு பேரும் "பரவாயில்லை" என்றுதான் சொன்னார்கள்.

அப்பா பக்கத்தில் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு டம்ளர் தண்ணீரை மட்டும் ஃபோன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இருபத்தோரு பெயர்களை அடித்தாயிற்று. ஒரு பெயர் பாக்கி. அதற்கு ஃபோன் தேவையில்லை. அவர் கடையின் பின்னறையிலேயே இருந்தார். அதனால்தான் கடைசியில் வைத்திருந்தேன்.

பின்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. ருபெனின் அம்மா மிஸஸ் சோட்டோ, கைகள் தம் பாட்டுக்கு விரிப்பை மடிக்க, நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "என் பேரு லிஸ்ட்ல இல்லியா, ஓபல்?"

"இருக்கு, மிஸஸ் சோட்டோ. உங்ககிட்ட சொல்லத்தான் பயமா இருந்துச்சு."

அவர் முன்னால் நெடுஞ்சாலை விடுதியிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் மலையாகக் கிடந்தன. மூன்று மணிக்கு அவை விடுதிக்குப் போயாக வேண்டும். மூன்று மணிக்கு முடித்து நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றுதான் அவர் விடிவதற்கு முன்பே வேலைக்கு வந்திருந்தார்.

"நாலு வருஷமா ஆடறா," என்றார். "வெளியூர் ஆட்டம் ஒண்ணுகூட நான் பாத்ததில்ல. இது அவளுக்குக் கடைசி வருஷம். இன்னைக்குத் தோத்தா இதான் கடைசி ஆட்டம்." மடித்த விரிப்பை அடுக்கின் மேல் வைத்துத் தட்டினார். "பரவால்ல. ருபென் போய் பாத்துட்டு வந்து சொல்லுவான்."

"நோரா, நீங்க கிளம்புங்க. நான் மடிச்சுக்கறேன்," என்றார் பின்னால் வந்த அப்பா.

மிஸஸ் சோட்டோ அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த விரிப்பை அப்பா மடித்தால் அது முட்டைக்கோஸ் மாதிரிதான் இருக்கும். விடுதிக்காரர்கள் ஒரு முறை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

"எனக்கு மடிக்கத் தெரியும்," என்றேன். "நான் பஸ்ல போகல. அப்பா ஒரு முனையைப் புடிச்சா போதும், நான் மூணு மணிக்குள்ள முடிச்சிடுவேன். ப்ளீஸ், மிஸஸ் சோட்டோ. நீங்க போங்க."

"நீ மூணு மாசமா இந்த ஆட்டத்தைப் பத்தியே பேசிட்டு இருந்தியே."

"ஆமா," என்றேன். "ரொம்பப் பேசிட்டேன்."

அவர் ஒரு விரிப்பை எடுத்து என்னிடம் நீட்டினார். மூலைக்குள் கையை விட்டு, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மடித்துக் காட்டினேன். கூர்மையாகப் பார்த்தார். பிறகு மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"இந்தச் சட்டையோடவா போறது?" என்று திடீரென்று பதறினார்.

அன்று ஆசிரியர்களுக்குக் கூட்டம், எங்களுக்குப் பள்ளி கிடையாது. ஒன்பதே காலுக்கு மிஸ்டர் டூகனின் மஞ்சள் பஸ் வாசலில் நின்றது. உள்ளே மற்ற எல்லாரும் ஏறிவிட்டார்கள். அம்மா ஃபோனில் சொன்னதைக் கேட்டு ருபென் கடைசியாக, ஷூ லேஸ்கூடக் கட்டாமல் ஓடி வந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவனிடம் தனியாக, காதோடு காதாகச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் அப்படிச் சொல்லவில்லையே? கடை முழுக்கக் கேட்கும்படிதானே சொன்னேன்?

அவன் பின்னாலேயே பஸ் படியில் ஏறினேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மார்க்கர் கறை படிந்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ருபென் சொன்னதுதான் சரி," என்றேன். "நான் கேக்கல. கேக்காம அவனைக் கிண்டல் வேற பண்ணேன். உங்களையும் சிரிக்க வச்சேன். என்னை மன்னிச்சிடு, ருபென்."

ருபென் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சத்தமா சொல்லு," என்றான் கடைசியில். "பின் சீட்டுக்காரங்களுக்குக் கேக்கலயாம்."

"கேட்டுச்சு, கேட்டுச்சு!" என்றார் பின் சீட்டில் இருந்த மிஸ்டர் ஹேப்ஸ்.

"உங்களுக்குக் கேட்டுச்சு. எனக்கு இன்னொரு வாட்டி கேக்கணும்."

இன்னொரு முறை சொன்னேன், தெருக்கோடிவரை கேட்கும்படி. ருபெனின் வாய் ஒரு ஓரத்தில் லேசாகக் கோணியது. சிரிப்பா, இல்லையா என்று பார்ப்பதற்குள் மிஸ்டர் டூகன் ஹாரன் அடித்தார். நான் இறங்கிவிட்டேன். முன் சீட்டில் சிவப்புச் சட்டையும் உதட்டுச் சாயமுமாக மிஸஸ் சோட்டோ, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

பஸ் திரும்பி மறைந்தது. நானும் அப்பாவும் பின்னறைக்குப் போனோம்.

மடித்தோம், மடித்தோம், மடித்துக்கொண்டே இருந்தோம். பன்னிரண்டு மணிக்குக் கல்லூரி வானொலியைப் போட்டார் அப்பா. பாதி நேரம் கொரகொர சத்தம்தான். கொரகொரப்புக்கு நடுவே நாரைகள் ஆறு புள்ளி பின்னால் இருந்தார்கள், பிறகு இரண்டு, பிறகு சமம். அப்பா கையிலிருந்த முனையை விட்டுவிட்டார். இரண்டாம் இடத்து அணி சும்மா வந்த அணி இல்லை. கடைசி நிமிடத்தில் மறுபடி முந்திக்கொண்டது. நாலு புள்ளி வித்தியாசத்தில் நாரைகள் தோற்றார்கள்.

"சே!" என்றார் அப்பா.

இனெஸின் கடைசி ஆட்டம் முடிந்துவிட்டது. நாலு மணி பஸ்ஸில் எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டு போய், அங்கே வேறு இரண்டு அணிகள் ஆடுவதைப் பார்த்து நின்றிருந்தால்?

வானொலியில் வர்ணனையாளர் சொன்னார்: "ஆட்டக்காரங்க கை குலுக்கிட்டு இருக்காங்க. பெல்ஃபோர்க் பக்கம் எல்லாரும் சோர்ந்து உக்காந்துட்டாங்க. ஒரே ஒரு அம்மா மட்டும் இன்னும் உக்காரல. சிவப்புச் சட்டை. ஆட்டம் தொடங்கினதுலேர்ந்து நிக்கறாங்க. இருங்க, மைக்கைத் திருப்பறேன், நீங்களே கேளுங்க."

கொரகொரப்புக்கு நடுவே ஒரு குரல். தொண்டை கட்டிப்போன குரல். ஸ்பானிய மொழியில் ஏதோ கூவியது. எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, 'இனெஸ்' என்ற பெயரைத் தவிர. அதையே திரும்பத் திரும்பக் கூவியது. அப்புறம் தூரத்தில், ஆட்டக் களத்திலிருந்து இன்னொரு குரல் சிரித்துக்கொண்டே ஏதோ பதில் சொன்னது.

"அது நம்ம நோராதானே?" என்றார் அப்பா.

நான் தலையை ஆட்டினேன். அப்பா வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, கீழே விழுந்து கிடந்த முனையைக் குனிந்து எடுத்துக்கொண்டார். இன்னும் பத்தொன்பது விரிப்புகள் பாக்கி இருந்தன.