செத்த இழுக்கும்

பேஸ் கிட்டாரின் மெல்லிய கம்பியை, கழுத்தில் பதித்த ஐந்தாவது ஃப்ரெட்டில் அழுத்தித் தட்டினாள். சத்தம் வந்தது. தங்கவில்லை.

நான்காவது ஃப்ரெட்டில் அதே கம்பி அறை முழுக்க உருண்டு, ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுவிட்டு, நிதானமாகத் தேய்ந்து அடங்கியது. ஆறாவதிலும் அப்படித்தான். நடுவிலிருந்த ஐந்தாவதில் மட்டும், பேசிக்கொண்டிருக்கும் வாயை யாரோ பின்னாலிருந்து பொத்தியதுபோல, சட்டென்று இல்லாமல் போனது.

முதலில் வந்தது பயம் இல்லை, எரிச்சல். பேஸ் கிட்டாரைத் தாங்களே கோத்து வாசிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. கிட்டாரின் மரக்கழுத்துக்கும் தனக்கென்று ஓர் அதிர்வு உண்டு. கம்பியின் சுருதி அதோடு பொருந்தும் இடத்தில், கம்பியின் சத்தையெல்லாம் மரமே உறிஞ்சிக்கொள்ளும். டெட் ஸ்பாட், செத்த இடம், என்பார்கள். இயற்பியல் படித்தவளுக்கு அது ஒரு கணக்கு, அவ்வளவுதான். எரிச்சல் விற்றவன் மேல். பழைய சாமான் விற்கும் ஆப்பில் ‘தாடி’ என்ற பெயரில் இருந்தவன், கழுத்தின் படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருந்தான்: ‘நேரா இருக்கு, வளைசல் இல்ல. அஞ்சாவது ஃப்ரெட்ல செத்த இழுக்கும், பாத்துக்கோங்க.’ செத்த என்றால் கொஞ்சம். கொஞ்சம்தானே என்று வாங்கிவிட்டாள். கொஞ்சமா இது?

எரிச்சலுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அது பழையது.

முந்தைய பேஸ் கிட்டாரையும் அவள்தான் கோத்தாள். உடலை ஒருவரிடம், கழுத்தை ஒருவரிடம், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பை இன்னொருவரிடம் என்று வாங்கி, வராத ஒரு திருகுக்காக மழைக்காலம் முழுக்கக் காத்திருந்து, தானே சால்டர் வைத்து முடித்தாள். அவள் ஆய்வகத்துக்குப் போயிருந்த ஒரு நாளில் அண்ணன் அதை விற்றுவிட்டான். “சும்மா மூலையிலதானே கிடந்துச்சு. ஒருத்தன் கேட்டான், குடுத்துட்டேன்” என்றான், பழைய பேப்பரை எடைக்குப் போட்டதைச் சொல்வதுபோல. அவள் வார்த்தைகள் தொண்டை வரைக்கும் வந்து, திரும்பி இறங்கி, வயிற்றில் உட்கார்ந்துகொண்டன. அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

அண்ணன் வாயால் பிழைக்கிறவன். போனில் இன்ஷூரன்ஸ் விற்பான். வீட்டு வாடகை, மளிகை, அவள் படித்த படிப்பு எல்லாமே அந்தக் குரலில் வந்தவை. அதனாலேயே அவனை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

அண்ணி டீயோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“முடிஞ்சுதா உன் வேலை? போன வாரம் கூரியர்காரன் வாசல்ல நின்னு, ‘மேடம், பாடி வந்திருக்கு, கையெழுத்து போடுங்க’ன்னு கத்தினான் பாரு. எதிர்வீட்டம்மா இன்னும் என்னை ஒரு மாதிரியாத்தான் பாக்குது.”

“கழுத்து தனியா வந்ததைச் சொல்லலையா அண்ணி?”

“என்னை உள்ள தள்ளாம விடமாட்ட போல.” அண்ணி சிரித்தாள். பிறகு மூக்கைச் சுளித்தாள். “என்னடி நாத்தம்? எலி ஏதாவது செத்துக் கிடக்கா?”

“சால்டர் வாடை அண்ணி.”

சால்டர் வாடை இல்லை. அவளுக்கும் அது தெரிந்தது. காலையில் பல் தேய்க்காமல் நெடுநேரம் மூடியே வைத்திருந்த வாயைத் திறந்தால் வருமே, அந்த வாடை. கழுத்தின் பக்கம் குனியும்போதெல்லாம் வந்தது.

அண்ணி போனதும் வேலையைப் பார்த்தாள். டெட் ஸ்பாட்டை ஒழிக்க முடியாது, நகர்த்தலாம். கழுத்தின் நுனியில், முறுக்காணிகள் இருக்கும் தலைப்பகுதியில், கனம் ஏற்றினால் மரத்தின் அதிர்வு தாழும், செத்த இடம் கீழ்ச்சுருதிக்கு இறங்கும். கனத்தைக் குறைத்தால் மேலே ஏறும். வாசிக்காத ஏதாவது ஓர் இடத்துக்குத் தள்ளிவிட்டால் நிம்மதி. தச்சர்கள் வைத்திருக்கும் சின்ன இரும்பு கிளாம்ப் ஒன்றைத் தலையில் மாட்டி இறுக்கினாள். தட்டிப் பார்த்தாள். ஐந்தாவது நன்றாகப் பாடியது. நான்காவதும். செத்த இடம் மூன்றாவதில் போய் உட்கார்ந்திருந்தது.

சரி, மூன்றாவதுதான் என்று இன்னொரு தடவை தட்டினாள்.

ஹாலில் அண்ணன் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். சாயங்கால வெயில் கதவிடுக்கு வழியே தரையில் ஒரு கோடாக விழுந்திருந்தது. அந்தக் கோட்டோடு அவன் குரலும் உள்ளே வந்துகொண்டிருந்தது. அடித்தொண்டையிலிருந்து வரும், எண்ணெய் தடவியதுபோன்ற குரல். “சார், நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா... ஆகாது சார், ஒரு பேச்சுக்குச் சொல்றேன். குடும்பம் என்ன சார் பண்...”

கம்பி நின்றது. குரலும் நின்றது.

பிறகு, “ஹலோ? சார், கேக்குதா? லைன்ல ஏதோ...” என்று தொடர்ந்தது.

அவள் விரல் அதே இடத்தில் இருந்தது. தற்செயல் என்று நினைத்தாள். ஆய்வகத்தில் எதையும் ஒரு தடவை பார்த்து நம்பக் கூடாது என்பது பழக்கம். மறுபடி தட்டினாள்.

“...பிரீமியம் ரொம்ப...” குரல் இல்லை. “...ஹலோ?”

மறுபடி.

“...என்ன எழவு போன் இது!”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் அண்ணன் பேச்சு பாதியில் நின்று அவள் கேட்டதே இல்லை. அவன் குரலும் மூன்றாவது ஃப்ரெட்டும் ஒரே சுருதி. எப்படி என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நன்றாக இருந்தது. அதுதான் உண்மை.

அவன் போனை வைத்துவிட்டு அறைக் கதவுக்கு வெளியே வந்து நின்றான். நிழல் வெயில் கோட்டை மறைத்தது.

“ஏய் ஊமைக்கோட்டான்! மனுஷன் உழைக்கிற நேரத்துல உள்ள என்ன டொங்கு டொங்குன்னு?”

அவள் கம்பியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“உன்னைத்தான் கேக்குறேன். வாயில என்ன கொழுக்கட்டையா?” சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான், போனில் பேசுவானே, அந்தக் குரலில். “இதுக்கும் ஒரு ஆளப் பாத்து வெச்சிருக்கேன். நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்னான். போட்டோ அனுப்பிட்டேன்.”

வயிற்றில் உட்கார்ந்திருந்ததெல்லாம் எழுந்தது. வாய்க்கு வரவில்லை. கைக்கு வந்தது. மூன்றாவது ஃப்ரெட்டை நகம் வெளுக்க அழுத்தினாள். தட்டினாள். தட்டினாள். கம்பி அறுந்தாலும் பரவாயில்லை என்று தட்டினாள். பேசு. இப்போது பேசு. விற்றுவிடு. பேசி விற்றுவிடு பார்க்கலாம்.

கை வலித்தபோதுதான் நிறுத்தினாள்.

கதவுக்கு வெளியே நிழல் அப்படியே இருந்தது. சத்தம் இல்லை.

கதவு திறந்தது. அண்ணன் பேசிக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது, நாக்கு புரண்டது, கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டான். இருமினான். இருமலுக்கும் சத்தம் இல்லை.

“என்னங்க, தொண்டை கட்டிக்கிச்சா?” அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அப்பாடா, இன்னைக்குத்தான் இது வீடு மாதிரி இருக்கு. இருங்க, சுடுதண்ணி தரேன்.”

அவள் பின்னால் வந்து நிற்க, ஹாலில் சுடுதண்ணீர் குடித்தான். விழுங்கும் சத்தமும் கேட்கவில்லை.

அவன் அவளைப் பார்த்தான். எத்தனையோ கோபமான பார்வைகளை அவனிடம் பார்த்திருக்கிறாள். இதில் கோபம் இல்லை. சின்ன வயதில் கூட்டத்தில் அவள் கையைத் தவறவிட்டுத் தேடி வந்தபோது பார்த்தானே, அந்தப் பார்வை. அவளுக்கு உள்ளே ஏதோ நழுவியது. இந்த வாய் போனால் இந்த வீடு போச்சு. அது மட்டுமில்லை. அவன் அண்ணன்.

அறைக்கு ஓடி கிளாம்ப்பைக் கழற்றினாள். ஹாலைப் பார்த்து, “அண்ணா, இப்ப பேசு” என்றாள்.

வாய் அசைந்தது. அவ்வளவுதான்.

சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் இல்லாமல் வாசிக்கும்போது பேஸ்காரர்கள் காதை மரத்தில் ஒட்டவைத்துக் கேட்பார்கள். அவளும் வைத்தாள். மரம் குளிர்ந்திருந்தது. எங்கேயோ ஆழத்தில், கிணற்றடியிலிருந்து வருவதுபோல, “ஆகாது சார்... ஒரு பேச்சுக்குச் சொல்றேன் சார்...” அதற்கும் கீழே வேறொரு ஆணின் குரல். வார்த்தை புரியவில்லை. அழுவதுபோல் இருந்தது. அதற்கும் கீழே, வாயில்லாத ஏதோ ஒன்று மூச்சை உள்ளே இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. விடவில்லை.

பின்வாசலுக்குப் போய் தாடியின் எண்ணுக்கு அடித்தாள். ஒரு பெண் எடுத்தாள். கிசுகிசுவென்று பேசினாள்.

“அவரு பேசமாட்டாருங்க. என்கிட்ட சொல்லுங்க.”

“என்ன வித்தீங்க எனக்கு? என்ன வித்தீங்க?” யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியறியாத அவள் கத்தினாள். “கொஞ்சம் இழுக்கும்னுதானே போட்டிருந்தீங்க!”

எதிர்ப்பக்கம் அதே கிசுகிசுப்பு.

“செத்தது இழுக்கும்னுதான் போடச் சொன்னேன். அப்படிப் போட்டா யாரு வாங்குவான்னு, ஒரு எழுத்த முழுங்கிட்டாரு. செத்தன்னா கொஞ்சம்னு நீங்களா நினைச்சுக்குவீங்கல்ல. பொய்யும் ஆகாது.”

“அவரு குரல் திரும்பி வந்துச்சா?”

“வித்துட்டா வந்துடும்னு நினைச்சோம். வரலங்க. சாப்பிடுறாரு. நடக்குறாரு. வாயத் திறந்துக்கிட்டு என் பக்கத்துலயே உக்காந்திருக்காரு, நான் எப்ப சத்தமா பேசுவேன்னு.”

“ஏன் இப்படி மெதுவா பேசுறீங்க?”

“கிசுகிசுப்புக்குச் சுருதி இல்லல்ல.” மூச்சு மட்டும் கேட்டது. “அதுக்குப் பிடிபடாது. நீங்க ஏங்க இவ்ளோ கத்துறீங்க? உங்க வீட்டுல யாருக்குப் போச்சு? அவங்கள அந்த கிட்டார்கிட்ட தனியா விட்டுட்டா வந்தீங்க?”

உள்ளேயிருந்து ரம்பம் அறுக்கும் சத்தம் கேட்டது.

ஓடினாள். அறையில் விளக்குப் போடவில்லை. அண்ணன் அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். மடியில் பேஸ் கிட்டார். வாழ்நாளில் அதைத் தொட்டு வாசித்தறியாதவன், பல வருஷம் பழகியவன்போல அணைத்துப் பிடித்திருந்தான். வலது கையில் அவளுடைய ரம்பம். கழுத்தின் தலையை ஓரத்திலிருந்து அறுத்துக்கொண்டிருந்தான். ஒரு துண்டு விழுந்தது. ரம்பத்தை வைத்துவிட்டுத் தட்டினான். தலையைச் சாய்த்துக் கேட்டான். மறுபடி ரம்பம். இன்னொரு துண்டு.

கனம் குறைகிறது. செத்த இடம் மேலே ஏறுகிறது. ஆண் குரலைத் தாண்டி. இன்னும் மேலே.

ரம்பத்தைப் பிடுங்கப் பார்த்தாள். அவன் கை மரம்போல் இருந்தது. குளிர்ச்சி. வாய் திறந்தே இருந்தது. அந்த வாடை.

சமையலறையில் அண்ணி ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அவன் தலை அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு தடவை அறுத்தான். தட்டினான். இல்லை. மெட்டு நிற்கவில்லை. மெல்லிசாக இன்னொரு சீவல். தட்டினான்.

அண்ணியிடம் ஓட வேண்டும். பேசாதீர்கள் என்று சொல்ல வேண்டும். சத்தமாகச் சொல்லக் கூடாது. கால் எழுந்தது.

“ரெண்டு பேரும் வாங்க, சாப்பாடு ஆறிப் போகு...”

சமையலறையில் ஒரு கரண்டி தரையில் விழுந்து உருண்டது. அது நிற்கும்வரை தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

அவள் அப்படியே நின்றாள். விற்ற தாடி மேல், அண்ணன் மேல், தன் மேல் இருந்த கோபமும், இத்தனை வருஷம் சொல்லாமல் விழுங்கியதும் எல்லாம் ஒரே அலறலாகத் திரண்டு மார்பை அடைத்து, தொண்டையை முட்டி, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அது திரும்பி இறங்க மறுத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

கதவருகே அண்ணி வந்து நின்றாள், வாய் திறந்தபடி.

அண்ணன் ரம்பத்தைத் தரையில் வைத்தான். கம்பியின்மேல் ஒரு விரலை மெதுவாக வைத்தான். தலையைச் சாய்த்தான். இருவரும் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.