தானாக விழுந்தவர்

சக்கரச் சத்தம் கேட்டது. காலடிச் சத்தம் கேட்கவில்லை.

பேனாட் விசைப்பலகையிலிருந்து விரல்களை எடுத்தான். அந்த டேனிஷ் மருத்துவமனையின் கட்டடங்களை எல்லாம் நிலத்துக்கடியால் இணைத்தோடும் நீண்ட நடையின் ஒரு கோடியில் அவனுடைய அலுவலகம் இருந்தது. மேலே தை மாதத்துப் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கீழே எந்நேரமும் ஒரே பொழுதுதான். மெழுகிட்ட தரையின் மணமும், சமையலறையிலிருந்து சூட்டுக் குழாய்களோடு ஊர்ந்துவரும் அவித்த உருளைக்கிழங்கின் ஆவியும், ஈரக் கம்பளி வாடையும் கலந்து கிடந்த அந்தக் காற்றுக்குள்ளால் ஒரு ட்றொலி, கதவுக்கு வெளியே, மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அதன் முன்சக்கரம் ஒன்று சுற்றுக்கு ஒரு தடவை கிறீச்சிட்டது.

இந்த அலுவலகத்துக்கு வரமுதல் ஒரு வருடத்துக்கு மேலாக இங்கே நோயாளிகளை ட்றொலியில் தள்ளித் திரிந்தவன் அவன். வெறும் ட்றொலி எது, ஆள் படுத்திருக்கும் ட்றொலி எது என்று காதாலேயே பிரித்துவிடுவான். இதில் ஆள் இருந்தது. தள்ளுகிறவரின் சப்பாத்துச் சத்தம்தான் இல்லை.

எழுந்துபோய்க் கதவைத் திறந்தான். நடை இருண்டிருந்தது. பொத்தானை அழுத்தினான். விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. ஒருவருமில்லை. தரை மட்டும் பளபளத்துக்கொண்டு கடைசிவரை நீண்டு கிடந்தது.

"யாரையாவது தேடுகிறீர்களா, பேனாட்?" உள்ளேயிருந்து கிறேத கேட்டாள்.

"இல்லை," என்றான். சற்று நேரத்தில் விளக்குகள் தாமாகவே அணைந்தன.

கிறேத அந்த அலுவலகத்தின் பொறுப்பாளர். நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்பு நோயாளர் வாட்டில் தாதியாக இருந்தவள். விபத்து அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே முறைக்குக் கொண்டுவந்து கொம்பியூற்றரில் ஏற்றவேண்டும் என்று மேலிடத்தோடு சண்டைபிடித்து இந்த அறையை வாங்கியவளும் அவள்தான். மன்னார்க் கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருந்த பேனாட்டுக்குத் தட்டச்சுத் தெரியும் என்று கேள்விப்பட்டு, மார்கழி மாதம் அவனைக் கேட்டு எடுத்தாள்.

"ஒரு வாட்டில் 'வழுக்கினார்' என்று எழுதுகிறார்கள். அடுத்த வாட்டில் 'தரையில் காணப்பட்டார்' என்கிறார்கள். இன்னொன்றில் எழுதுவதே இல்லை," என்று முதல்நாளே சொன்னாள். "எல்லாரும் ஒரே மாதிரி எழுதினால்தான் ஆட்கள் எங்கே அடிபடுகிறார்கள் என்று தெரியும். தெரிந்தால்தான் தடுக்கலாம். இது யாரையும் தண்டிப்பதற்கல்ல."

அந்தக் கடைசி வசனத்தை அவன் நம்பவில்லை. பெயர் எழுதப்பட்ட கடதாசி எதுவும் ஊரில் நல்லதுக்கு வந்ததாக அவனுக்கு ஞாபகமில்லை.

ஆக்னெஸ் என்ற கிழவியின் அறிக்கை இரண்டாம் வாரத்திலேயே அவன் மேசைக்கு வந்துவிட்டது.

கார்த்திகை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. வாட்டிலிருந்து கீழ் நடையிலுள்ள எக்ஸ்ரேக்கு அந்தக் கிழவியைத் தள்ளிக்கொண்டு போனவன் அவன்தான். எக்ஸ்ரே வாசலில் மணி அடித்தான். ஒருவரும் வரவில்லை. ஸ்கீவ ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அங்கே ஊர்க்காரன் குருசுமுத்துவின் வீட்டுக்கு லண்டனிலிருந்து ஒரு படக் கசற் வந்திருந்தது. பெடியள் எல்லாரும் கூடுகிறார்கள், இறைச்சிக்கறியும் இருக்கிறது. உள்ளே ஆட்கள் இருப்பார்கள், இப்போது திறப்பார்கள் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, ட்றொலியைச் சுவரோரம் விட்டு, போர்வையை இழுத்து அவளுடைய தோளை மூடினான். புறப்படும்போது, ஊரில் படலையைத் தாண்டுகிற ஒருவன் சொல்வதைப் போல, தெரிந்த கொஞ்ச டேனிஷில் "வாறன்" என்றான். அவனுக்கு அது விடைபெறும் வார்த்தை. அவளுக்கு அது வாக்கு.

எக்ஸ்ரே அன்று வேளைக்கே பூட்டியிருந்தது. விளக்குகள் தாமாக அணையும் என்பது பாதிவழியில், பஸ்ஸின் கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டபோதுதான் நினைவுக்கு வந்தது. அவன் இறங்கவில்லை. அன்றிரவு எல்லாரோடும் சேர்ந்து வயிறு நோகச் சிரித்தான்.

இருட்டில் இறங்க முயன்று விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து கிடந்தவளை எப்போதோ யாரோ கண்டெடுத்தார்கள். திங்கட்கிழமை வாட்டுக்குப் போய்ப் பார்த்தான். காய்ச்சலில் கண்கள் மினுங்க, அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தாதியிடம், "இவர் நல்லவர். வருவேன் என்று சொன்னவர்," என்றாள். தாதி சிரித்தாள். அந்தக் கிழமை முடியமுதல் ஆக்னெஸ் செத்துப்போனாள்.

அறிக்கையில் அவன் பெயர் இல்லை. 'கீழ் நடையில் தரையில் காணப்பட்டார். கொண்டுசென்றவர் தெரியாது' என்று மட்டும் இருந்தது. இடத்துக்கு ஒரு இலக்கம், காரணத்துக்கு ஒரு இலக்கம் போடவேண்டும். கீழ் நடைக்கும் ஓர் இலக்கம் இருந்தது. தனியே விடப்பட்டார் என்பதற்கும் இருந்தது. அவன் 'கட்டிலருகே' என்பதற்குரியதைத் தட்டினான். பிறகு 'நோயாளி தானாக விழுந்தார்'. இரண்டு தட்டு. திரையில் பச்சை எழுத்து ஒருமுறை துடித்து அடங்கியது.

அதற்குப் பிறகுதான் சக்கரச் சத்தம் தொடங்கியது.

தை மாதம் மூன்றாம் வியாழக்கிழமை கிறேத கூட்டத்திலிருந்து முகமெல்லாம் சிவந்து சந்தோசமாக வந்தாள். "எங்களுடைய இலக்கங்களை ஏற்றுக்கொண்டார்கள்! அழைப்பு மணி பூட்டப்போகிறார்கள். எங்கே ஆட்கள் விழுந்தார்களோ அங்கேயெல்லாம். திங்கட்கிழமை ஓடர் போகிறது."

"கீழ் நடையில்?" அவனுக்குத் தன் குரலே வேறாகக் கேட்டது.

"அங்கே ஒருவரும் விழவில்லையே," என்றாள் கிறேத. "அந்த இடம் பூச்சியம்."

அன்றிரவு அவன் மனைவி யசிந்தா செபமாலையை மடக்கி வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "என்னப்பா, கொஞ்ச நாளா வடிவாச் சாப்பிடேல்லை. நித்திரையுமில்லை."

"வேலையில ஒரு நம்பரைப் பிழையாப் போட்டிட்டன்."

"திருத்தேலாதே?"

"ஏலும். திங்கள் மட்டும் நேரமிருக்கு."

"அப்ப திருத்துங்கோவன்."

"திருத்தினா ஆர் கொண்டுபோய் விட்டதெண்டு கேள்வி வரும். எங்களுக்கு இன்னும் விசா முடிவு வரேல்லை, யசிந்தா."

அவள் முழங்கையை ஊன்றி எழும்பினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "பூ வாங்கிக்கொண்டு போனீங்களே ஒரு கிழவியின்ர செத்தவீட்டுக்கு. அவவோ?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"பாவம் அந்த மனிசி," என்றாள் அவள் இருட்டுக்குள். "திருத்திப்போடுங்கோ. வாறது வரட்டும்."

வெள்ளிக்கிழமை கிறேத வேளைக்கே போய்விட்டாள். பேனாட் ஆக்னெஸின் பதிவைத் திரைக்குக் கொண்டுவந்தான். சூட்டுக் குழாய்க்குள் தண்ணீர் கொட்டுகிற சத்தம். தன் மூச்சு. இடத்துக்குரிய கட்டத்தில் பச்சைக் கோடு துடித்துக்கொண்டு நின்றது. சரியான இலக்கத்தின்மேல் விரலை வைத்தான். பொலிஸ் கந்தோரில் விசாவுக்காகக் கேள்விகேட்ட மனிதரின் பேனை கண்முன் வந்தது. திருப்பியனுப்பும் விமான நிலையம் வந்தது. மன்னார்ப் பாலத்து இராணுவச் சென்றியில் எல்லாரையும் இறக்கிவிட்ட பஸ் வந்தது. விரலை எடுத்தான். இருந்ததை இருந்தபடியே சேமித்துவிட்டுக் கொம்பியூற்றரை அணைத்தான்.

அந்தக் கிறீச்சொலி தூரத்தில் தொடங்கி, அருகில் வந்து, கதவுக்கு வெளியே நின்றது.

நின்றது. போகவில்லை.

வெளியே போக வேறு வழி கிடையாது. கோட்டைப் போட்டுக்கொண்டு, நெற்றியில் சிலுவை கீறிக்கொண்டு கதவைத் திறந்தான். கைக்கெட்டிய பொத்தானை அழுத்தினான்.

சுவரோரம் ஒரு ட்றொலி நின்றது. போர்வைக்குக் கீழே ஓர் ஆளின் அளவு. மெல்லிய வெள்ளை மயிர். முகம் சுவர்ப்பக்கம்.

யாரோ உண்மையான நோயாளிதான் என்று நினைத்தான். அப்படித்தான் நினைக்க விரும்பினான். என்னைப்போல் ஒருவன் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். இந்தமுறை விடக்கூடாது. பிடியைப் பற்றித் தள்ளினான். உலோகம் குளிர்ந்தது. எக்ஸ்ரே வாசலில் மணி அடித்தான். உள்ளே எங்கோ ஒலித்து ஓய்ந்தது. அடுத்த கதவைத் தட்டினான். அதற்கடுத்ததை. ட்றொலி ஒவ்வொரு கதவுக்கும் பாரம் கூடிக்கொண்டே போனது. ஈரமணலில் வள்ளம் இழுப்பதுபோல் நெஞ்சால் முட்டித் தள்ளினான். இந்நேரம் லிஃப்ட் வாசல் வந்திருக்கவேண்டும். வரவில்லை. நடை நீண்டுகொண்டே போனது.

"குளிர்கிறது," என்றது போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல். கோபமே இல்லாத குரல்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா." தமிழில்தான் வந்தது. "நான்தான். நான்தான் விட்டிட்டுப் போனனான்."

"தெரியும்," என்றாள். எந்த மொழியில் சொன்னாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. "எனக்கு முடிந்துவிட்டது. இனி வரப்போகிற இவர்களைப் பாருங்கள்."

விளக்குகள் அணைந்தன.

இருட்டு. உருளைக்கிழங்கு ஆவி இல்லை. மெழுகு மணமும் இல்லை. மூத்திரம் நனைந்த துணியின் வாடை மட்டும். அவன் கைகளுக்குள் இருந்த பிடியைக் காணவில்லை. முன்னால் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. பின்னால் ஒன்று. இடப்பக்கம். வலப்பக்கம். பல.

சுவரைத் தடவினான். பொத்தான் அகப்பட்டது. அழுத்தினான்.

நடையின் இரண்டு பக்கமும் ட்றொலிகள். ஒன்றின் தலைமாட்டில் மற்றதன் கால்மாடு. கண்ணுக்கெட்டியவரை. ஒவ்வொன்றிலும் ஒருவர். கிழவர்கள். காலில் கட்டுப் போட்ட ஒரு பெண். ஒரு சின்னப் பிள்ளை. ஒருவர்கூட அவனைப் பார்க்கவில்லை.

கிட்ட நின்ற ட்றொலியில் கிறேத படுத்திருந்தாள். நேற்றுக் கூட்டத்திலிருந்து சந்தோசமாக வந்த கிறேத அல்ல. எண்பது வயதைத் தாண்டிய கிறேத. பல்லில்லாத வாய். கண்ணாடியில்லாத கண்கள். நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, தொந்தரவு கொடுக்கக் கூச்சப்படுகிறவளைப்போல் மெதுவாகக் கூப்பிட்டாள்.

"ஹலோ? யாராவது இருக்கிறீர்களா?"

"கிறேத," என்றான். தொட்டான். கை குளிருக்குள் போய் வந்தது. அவளுக்குக் கேட்கவில்லை.

அவளுடைய கை போர்வைக்குள்ளிருந்து நடுங்கி நடுங்கி வெளியே வந்தது. வெறுஞ்சுவரில் ஊர்ந்தது. அதற்கடுத்த ட்றொலியிலிருந்து ஒரு கை. அதற்கடுத்ததிலிருந்து. எதிர்ப் பக்கத்திலிருந்தும். நடையின் கடைசிவரை எல்லாக் கைகளும் சுவரில் ஏறி, இல்லாத மணியைத் தேடித் தடவின. மேலே. கீழே. மறுபடி மேலே. நகங்கள் சுண்ணாம்பில் உரசின.

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு அவனை நோக்கி வந்தன.